ஜமாபந்தி மேசைக்கு வானத்துப் படமும் வரட்டும்

பசலி ஆண்டு முடியும் தறுவாயில் பேரணாம்பட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் கணக்குகளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுக்கள் குவியும். மேசையில் அடுக்கிய கணக்குகளில் அடங்கலும் இருக்கும். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நின்றது என்று சொல்ல வேண்டிய ஏடு அது. மலட்டாற்றங்கரையிலும் பாலாற்றங்கரையிலும் கிடக்கும் எத்தனையோ காணிகளுக்கு நேரே அதில் ஒரே சொல்தான்: தரிசு.

அந்தச் சொல் பொய் இல்லை, ஆனால் போதாது. மழை பொய்த்து ஒரு போகம் விட்ட நிலமும் தரிசு. கிணற்றுநீர் உப்பாகி, தென்னை குரும்பை உதிர்த்து, இனி ஆகாது என்று கைவிட்ட நிலமும் தரிசு. மனை பிரிக்கக் கல் நட்ட நிலமும் தரிசு. எந்த ஆண்டிலிருந்து, எதனால், பக்கத்துக் காணியும் அப்படியா என்பதை எழுத அடங்கலில் இடமில்லை. அந்த ஆண்டுகளை எல்லாம் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. செயற்கைக்கோள் படங்களைத்தான் சொல்கிறோம். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் தோல் பதனிடும் பகுதி முழுவதையும் ஆண்டுதோறும் வானத்திலிருந்து அளந்து, அந்தப் படத்தைப் புல எண் வாரியாகத் தமிழில் அச்சிட்டு, ஜமாபந்தியில் அடங்கலோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று தமிழக அரசைக் கேட்கிறோம்.

இதை வெறும் தொழில்நுட்ப ஆசையாக யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 1991-ல் வேலூர் மக்கள் நல மன்றம் தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்ன கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டமாக நிலைபெற்றதும் அந்தத் தீர்ப்பால்தான். தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே உரியது என்றும் அது சொன்னது.

நடைமுறையில் அந்தப் பொறுப்பு இடம் மாறிவிட்டது. கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறியவர் விவசாயி. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 186 கிராமங்களில் 15,164 ஹெக்டேர் பாதிக்கப்பட்டதாகக் கண்டு, 2001 மார்ச்சில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேராததால்தான் 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் தலையிட நேர்ந்தது. ஆறு வாரத்துக்குள் அரசே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் சொன்னது. அந்தக் குழு எதைக் கொண்டு கண்காணிக்கும்? 2001-ன் பட்டியலில் இல்லாத நிலம் அதற்குப் பிறகு கெட்டிருந்தால், அதை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

படங்கள் எப்போதிருந்து கிடைக்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972-ல் ஏவப்பட்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பகுதி குரோமியத்துக்கு மாறத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுதான். நம் சொந்த ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17-ல் விண்ணுக்குப் போனது. வழக்குத் தொடுப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இந்தியாவின் கண் பாலாற்றுக்கு மேலே இருந்திருக்கிறது. அன்று அதன் ஒரு கருவிக்கு ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் சதுரம், நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். சிறு விவசாயியின் மொத்தக் காணியும் அந்த ஒரு புள்ளிக்குள் மறைந்துவிடும். ரிசோர்ஸ்சாட் வரிசையின் லிஸ்-3 கருவிக்கு ஒரு புள்ளி பதினான்கு சென்டுக்கும் குறைவு. ஐரோப்பாவின் சென்டினல்-2 இரண்டரை சென்ட் வரை பிரித்துக் காட்டுகிறது; இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை வருகின்றன; படங்களுக்குக் காசும் இல்லை. நம் லிஸ்-4 கருவிக்கோ ஒரு புள்ளி ஒரு சென்டுக்கும் கீழே. வரப்போடு வரப்பைப் பிரித்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

பயிரின் நோயை மேலிருந்து கண்டறிய முடியுமா என்று ஐயப்படுபவர்கள் 1970-ஐ நினைத்துப் பார்க்கலாம். கேரளத்துத் தென்னை வாடல் நோயைத்தான் விஞ்ஞானி பிஷாரடியின் குழுவினர் ஹெலிகாப்டரில் இருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் பிடித்தார்கள். இந்தியத் தொலையுணர்வின் பிள்ளையார் சுழி அது. வாட்டம் நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே இலை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவது குறைந்துவிடும். குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் நிற்பதும் அதே தென்னைதான். தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு, ஊறல் தொட்டியில் கழுவும்போது தண்ணீரோடு வெளியேறுகிறது. குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கலாம்; கரைந்த உப்பைப் பிரிப்பதோ பெருஞ்செலவு. அந்த உப்பு நிலத்தில் ஏறினால் மாசி, பங்குனி வெயிலில் மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். வானத்திலிருந்து பார்த்தால் அது பளிச்சென்று தெரியும்.

தெரியாதவையும் உண்டு, அவற்றை மறைத்து இந்தக் கோரிக்கையை வைப்பது நேர்மையாகாது. கிணற்றுக்குள் இருக்கும் குரோமியத்தை எந்தக் கோளும் பார்க்காது. ஐப்பசி, கார்த்திகை மேகத்தை ஊடுருவிச் சாதாரணக் கேமரா பார்க்காது. மழை வெள்ளத்தோடு கழிவைக் கலந்து விடுகிறார்கள் என்று கரையோர மக்கள் சொல்லும் நாட்களும் அவைதான். ரேடார் கோள்கள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் அந்த வகை. ஆனால் அதுவும் வெள்ளம் எங்கே நின்றது என்று சொல்லும், தண்ணீரில் என்ன கலந்தது என்று சொல்லாது.

இதைவிடப் பெரிய ஏமாற்று பச்சை நிறத்தில் இருக்கிறது. கைவிட்ட காணியில் சீமைக்கருவேலம் ஏறும். உப்பையும் வறட்சியையும் தாங்கும் மரம் அது. நாலைந்து ஆண்டில் நிலம் முழுக்க மூடிக்கொள்ளும். ஆளில்லாமல் கணினி மட்டும் வரைந்த படத்தில் அது நல்ல பசுமையாக விழும். கெட்ட நிலம் தேறிவிட்டது என்று யாராவது அறிக்கை எழுதிவிடவும் கூடும். நாட்டின் காட்டு அளவைக் கணக்கிடும் முறையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரநிழல் விழுந்தால் அது காட்டுப்பரப்பு. எந்த மரம், யாருடைய நிலம் என்று கேட்பதில்லை. பாலாற்றுக்கு அந்தக் கணக்கு ஆகாது. பச்சையாகத் தெரிகிற இடத்தில் இறங்கி நடந்து, மண்ணைத் தோண்டி உப்பளவு பார்த்து, கிணற்றில் நீர் மொண்டு சோதித்த பிறகே படம் கணக்காக வேண்டும். காரணத்தையும் அந்த நடையில்தான் கண்டுபிடிக்க முடியும். டேனரிக் கழிவா, மணல் அள்ளியதால் இறங்கிய நீர்மட்டமா, மேலே புல்லூர் போன்ற இடங்களில் எழுந்த தடுப்பணைகளா, கூலிக்கு ஆள் கிடைக்காததா? எல்லாப் பழியையும் தோல் தொழில் மேல் போடப் படத்தைக் கருவியாக்கினால் அதுவும் அநீதி.

தேசியத் தொலையுணர்வு மையத்தின் நிலப்பயன்பாட்டுப் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் 2005-06, 2011-12, 2015-16 ஆண்டுகளுக்கு வந்தவை அவை. புவன் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டர். ஒரு குக்கிராமத்தின் வயல்களெல்லாம் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். நாட்டுத் திட்டமிடலுக்கு அது போதும். மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு அதில் பதில் கிடைக்காது.

மனம் இருந்தால் அரசால் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பெருங்கனிமச் சுரங்கங்களின் எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரை செயற்கைக்கோளால் கவனித்து, மாற்றம் தெரிந்தால் அதிகாரிக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாட்டை மத்தியச் சுரங்க அமைச்சகம் 2016-லேயே தொடங்கியது. தமிழகத்தில் 28 மணல் குவாரிகளைக் கான்பூர் ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு அளந்த அமலாக்கத்துறை, 4,730 கோடி ரூபாய் மணல் போனதாகவும் அரசு கணக்கில் 36.45 கோடியே வந்ததாகவும் கூறியது. வழக்கு தன் வழியில் போகட்டும். குவாரியை அளக்கத் தெரிந்த கருவி கழனியை அளக்காதா? 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒரு தொட்டி புதிதாக எழுவதும் பெரிதாவதும் மேலிருந்து பார்த்தால் தெரிகிற காரியங்கள். பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

படம் எடுப்பதைவிட முக்கியம் அதை வெளியிடுவது. பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் அளந்து வெளியிடுகிறது. 2004-ல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த அழிப்பு 2012-ல் 4,571 ஆகக் குறைந்தது. படத்தால் மட்டும் அல்ல. படத்தை வைத்து அபராதம் போட்டதால். 2019-ல் அழிப்பு கூடியதாக எண்கள் வந்தபோது அதிபர் அவற்றை ஏற்க மறுத்தார், நிறுவனத்தின் இயக்குநர் பதவியிழந்தார். ஆனால் எண்களை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. அவை ஏற்கெனவே மக்கள் கையில் இருந்தன. அலமாரியில் பூட்டிய படமாக இருந்திருந்தால் அதற்கு அந்தக் காவல் கிடைத்திருக்காது.

டேனரி முதலாளிகளின் அச்சமும் நமக்குப் புரியாமல் இல்லை. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் அடுப்பெரிவது தோலாலும் ஷூ கம்பெனிகளில் தைக்கும் பெண்களின் கூலியாலும்தான். ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்துச் சுத்திகரிப்பை ஒழுங்காக நடத்துபவரும், இரவில் மதகைத் திறந்துவிடுபவரும் இன்று ஒரே பழியைச் சுமக்கிறார்கள். ஒழுங்காக இருப்பவரின் சுற்றுப்புற நிலம் தேறுகிறது என்று ஆண்டுக்கு ஆண்டு காட்டும் படத்தைவிட அவருக்கு நல்ல சாட்சி வேறு யார்?

2024-ல் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பி மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தியது அரசு. பயிர்க் கணக்கு புல எண்ணோடு கணினிக்குள் போய்விட்டது. அதன் மேல் படத்தை விரிப்பதுதான் பாக்கி. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் 1982 முதல் இருக்கிறது. உப்பளவு பார்க்க மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. அடுத்த ஜமாபந்திக்கு முன்னால், மே 1 கிராம சபையில், ஒவ்வொரு கரையோர ஊராட்சியின் சுவரிலும் மூன்று தாள்கள் ஒட்டப்பட வேண்டும். வழக்குப் போட்ட 1991, இழப்பீடு விதித்த 2001, இந்த ஆண்டு. மூன்றும் பங்குனி மாதப் படங்கள், மூன்றிலும் புல எண்கள். தன் காணியைக் கண்டுபிடித்து, படம் தவறென்றால் தவறென்று எழுதிக் கொடுக்க ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். அந்த நோட்டோடு வட்டாட்சியர் ஜமாபந்தி மேசையில் உட்காரட்டும்.