அயலார் கிணற்று நீர்

வேலூர்க் கோட்டையின் அகழியைக் கடந்து உள்ளே செல்கிறவர்கள் ஜலகண்டேசுவரர் ஆலயத்தையும், ஒரு மசூதியையும், ஆங்கிலேயர் கட்டிய தேவாலயம் ஒன்றையும் ஒரே மதிலுக்குள் காண்பார்கள். சமய நல்லிணக்கத்தைப் பற்றி இவ்வட்டாரத்தில் மேடையேறுகிற பேச்சாளர்களில் இந்தக் காட்சியைச் சுட்டிக்காட்டாதவர் அநேகமாக இல்லை. ஆனால் கல்லும் சுண்ணாம்பும் அருகருகே நிற்பதற்கு எவருடைய தியாகமும் தேவைப்படுவதில்லை. அந்தக் கோட்டைக்கு நாம் பெருமைப்படத்தக்க வேறொரு நினைவு உண்டு. நெற்றியில் சமயக் குறி இடலாகாது, தாடி வைக்கலாகாது, தோலால் ஆன சின்னம் செருகிய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று கும்பினி அதிகாரிகள் கட்டளையிட்டபோது, 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் அங்கே இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒன்றாகக் கிளர்ந்தெழுந்தார்கள்; ஒருவருடைய நீறும் மற்றவருடைய தாடியும் ஒரே ஆணையால் அவமதிக்கப்பட்டதை இருசாராரும் உணர்ந்தார்கள். எனினும், வெளியிலிருந்து வந்தவன் இருவருக்கும் ஒருங்கே தீங்கு செய்யும்போது அயலானை நேசிப்பது அத்தனை கடினமான காரியம் அன்று. அயலானுக்குத் தீங்கு செய்கிறவன் நானாகவே இருக்கும்போது, என் ஆதாயமும் என் சம்பிரதாயமும் அவனுடைய துன்பத்துக்குக் காரணமாக இருக்கும்போது என் பக்தி என்ன செய்கிறது என்பதுதான் ஒவ்வொரு விசுவாசியையும் உண்மையாகச் சோதிக்கிற கேள்வி.

உபதேசத்துக்கு எந்தச் சமயத்திலும் குறைவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் இனத்தார் விலகிச் செல்ல, அன்னியன் ஒருவன் தூக்கி எடுத்துக் காப்பாற்றிய கதையை இயேசுநாதர் சொன்னார். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் வயிறார உண்பவனுடைய ஈமானை நபிகள் நாயகம் ஏற்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் பட்டினிக்குப் பின் கிடைத்த தண்ணீரையும் தாகித்து வந்தவனுக்கு ஈந்த ரந்திதேவனைப் பாகவதம் போற்றுகிறது. ஜீவகாருண்யத்தையே வீட்டின்பத்துக்குத் திறவுகோலாக வைத்தார் வடலூர் வள்ளலார். 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகத்தின் பல நாடுகளைச் சேர்ந்த 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, இறைவனை நேசிப்பதும் அயலாரை நேசிப்பதுமே இரு சமயங்களுக்கும் பொதுவான அடித்தளம் என்று அறிவித்தார்கள். நல்ல கடிதம், காலத்தால் செய்த காரியம். ஆயினும் இந்த உண்மை ஆம்பூரிலோ பேர்ணாம்பட்டிலோ வாழும் எந்தப் பாமரனுக்கும் புதிதன்று. சொன்னதைச் செய்து காட்டியவர்களும், சொல்லிக்கொண்டே செய்யாமல் விட்டவர்களும் அவனுடைய கண்ணெதிரே வாழ்ந்திருக்கிறார்கள்.

செய்தவர்களில் ஒருவரை முதலில் சொல்லுகிறேன். 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷன் வைத்தியரான தம் தந்தையாருடன் திண்டிவனத்தில் தங்கியிருந்த காலத்தில், ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முதலில் ஒரு பிராமணர். அடுத்து ஒரு முஸ்லிம். மூன்றாவதாக இன்னொரு இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள் என்று அந்த இளம்பெண் சொன்னபோது, அன்னிய ஆடவன் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு இல்லை என்று மூவரும் மறுத்துத் திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை. அந்த மூவரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். மனைவியின் மீது அன்பில்லாதவன் நள்ளிரவில் அன்னியர் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான். அவர்களுடைய அன்பைவிட அவர்களுடைய ஆசாரம் ஒரு படி மேலே நின்றது, அவ்வளவுதான். அந்த ஆசாரத்தை அவர்கள் மாற்றிக்கொண்டு வரட்டும் என்று ஐடா காத்திருக்கவில்லை. அந்த வீடுகளின் நிலைப்படியைத் தாண்டக்கூடிய ஒருவராகத் தம்மையே ஆக்கிக்கொள்ள அமெரிக்கா சென்று, 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-இல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்று சி.எம்.சி. என்று நாடு முழுவதும் அழைக்கிற நிலையத்தின் புறநோயாளிக் கூடத்தில் திருநீறும் தொப்பியும் சிலுவையும் ஒரே பெஞ்சில் அமர்ந்து டோக்கன் எண்ணுக்குக் காத்திருப்பதை எவரும் போய்ப் பார்க்கலாம்.

அதே நிலையத்தில் 1948-ஆம் ஆண்டு முதல் பால் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர், தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாமல் நடந்து நடந்து புண் பெரிதாகிறது என்பதை அறிந்த அவரும் அவருடைய தோழர்களும், நுண்துளை ரப்பரைக் கொண்டு மெத்தென்ற செருப்புகளை அந்த நோயாளிகளுக்காகவே செய்வித்தார்கள். உலகத்தின் பாதங்களுக்கெல்லாம் தோலும் காலணியும் அனுப்புகிற இந்த மண்ணில், எவரும் தொடத் துணியாத பாதத்தை மடியில் வைத்து அளவெடுத்துச் செய்யப்பட்ட அந்தச் செருப்பைவிட உயர்ந்த சமயச் சின்னம் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இனி, மனத்துக்கு வருத்தம் தருகிற பக்கத்துக்கு வருகிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளுகிற இந்தத் தோல் வட்டாரத்தில், இரண்டு தலைமுறைக்கு முன்வரை ஆவாரம் பட்டையைக் கொண்டே பெரும்பாலும் தோல் பதனிட்டார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தபோது, குரோமிய உப்புகளைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை எங்கும் பரவியது. அந்நியச் செலாவணி வந்தது, ஊர்கள் செழித்தன, விடியற்காலையில் கம்பெனி வேன்களில் நெருக்கியடித்து ஏறிச் செல்லும் ஆயிரமாயிரம் பெண்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டேனரி என்னும் தோல் பதனிடும் ஆலைகளின் முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஏனைய சமயத்தவர்களும் உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி முதலாக இவ்வட்டாரத்தில் அவர்களுடைய கொடையால் தழைத்த கல்விச்சாலைகள் பல. அவற்றில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்து ஆளாகியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது; சுண்ணாம்பும் உப்பும் குரோமியமும் கலந்த அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? வாய்க்காலிலும் ஓடையிலும் ஏரியிலும் பாலாற்று மணலிலும் போயிற்று. அங்கிருந்து, நிலத்தடி வழியாகக் குடியானவனுடைய கிணற்றுக்குப் போயிற்று.

அந்தக் கிணறுகளின் கதியை நீதிமன்ற ஆவணங்களே சொல்லுகின்றன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மாசு செய்தவனே அதற்கான விலையையும் தர வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சீர்திருந்திய தொழிற்சாலைகளும் உண்டு. இருந்தும், ஏறக்குறைய இருபத்தெட்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியதாயிற்று. 2001-லும் 2009-லும் நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் கொடுத்துத் தீர்க்கும்படியும், அதை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்கும்படியும் அரசுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. ஆறு வறண்டதற்கு மணற்கொள்ளையும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாலாற்றங்கரையில் பிறந்தவர்கள் இன்று குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடித்து வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லும்போது எனக்கு நாணமாக இருக்கிறது.

ஐவேளைத் தொழுகையில் தவறாதவரும், ஜகாத்தைக் காசு பிசகாமல் கணக்கிட்டுக் கொடுப்பவரும், ஆடி மாதம் ஊருக்கெல்லாம் கூழ் வார்ப்பவரும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் அமர்பவரும் இந்தத் தொழிலில் முதலாளிகளாகவும் மேலாளர்களாகவும் அதிகாரிகளாகவும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் எவரும் அயலானை வெறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கொடுப்பதையே அன்பு என்று எண்ணிவிட்டார்கள்; கெடுக்காதிருப்பது அதற்கு முந்தைய கடமை என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை. 2015 ஜனவரி 31-இன் பின்னிரவில் இராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, அடுத்திருந்த டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இவர்களைவிட நெருங்கிய அயலார் யார்? மலிவான விலைக்குக் காலணி கேட்டுப் பேரம் பேசும் ஐரோப்பியக் கம்பெனியும், அதை வாங்கி அணிந்துகொண்டு ஆலயத்துக்கு நடக்கிற கடல் கடந்த பக்தனும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

முதலாளிகளை மட்டும் குறை கூறிவிட்டு இந்துச் சமூகத்தார் கை கழுவிக்கொள்வதற்கில்லை. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வாணியம்பாடிக்கு அடுத்த நாராயணபுரத்தில், விபத்தில் இறந்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் சடலத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்ல வழி மறிக்கப்பட்டிருந்தது. மேற்சாதியார் வசமிருந்த நிலத்தைக் கடந்து போக முடியாத நிலை. எனவே உறவினர்கள் பாடையைக் கயிறுகளால் கட்டிப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்கினார்கள். மாலைகள் சூட்டிய பாடை அந்தரத்தில் ஆடிக்கொண்டு இறங்குவதையும், கீழே நின்றவர்கள் கையுயர்த்தி அதைத் தாங்குவதையும் நாடே படத்தில் பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. மறித்தவர்களும் மறிக்கப்பட்டவர்களும் ஒரே தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். தன் சமயத்துக்குள்ளேயே அயலானுக்குப் பிணவழி விடாத ஒருவர், பிற சமயத்தானுடன் தாம் சகோதரராக வாழ்வதாகச் சொல்லும்போது அதை எப்படி நம்புவது? கிறிஸ்தவர்களுக்கும் இதே கேள்வி உண்டு: திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக் கிறிஸ்தவரின் சடலத்தையும் தலித் கிறிஸ்தவரின் சடலத்தையும் பிரிக்கச் சுவர் எழுப்பி வைத்தவர்கள், அன்னியன் காப்பாற்றிய அந்தக் கதையை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம்.

எங்கள் ஊர்களில் அப்படியெல்லாம் பகை இல்லையே, பக்ரீத்துக்குப் பிரியாணி வருகிறது, பொங்கலுக்குக் கரும்பு போகிறது, கிறிஸ்துமஸுக்குக் கேக் வருகிறது என்று அன்பர்கள் சொல்லுவார்கள். உண்மை, அந்தப் பரிமாற்றத்தை நான் மனமார மதிக்கிறேன், அது நின்றுபோகிற நாள் இந்த வட்டாரத்துக்குக் கெட்ட நாள். ஆனால் பண்டிகைப் பலகாரம் வேலிக்கு மேலே கைமாறுகிறபோது வேலிக்குக் கீழே கழிவுநீர் கசிந்துகொண்டிருக்குமானால், அந்தப் பலகாரத்தை அன்பின் அடையாளமாக எத்தனை நாள் காட்டிக்கொண்டிருப்பது? 2020-இல் கொள்ளைநோயால் இறந்தவர்களைத் தொட உறவினர்களே அஞ்சிய வேளையில், சென்னையில் ஒரு மருத்துவரின் சடலத்தைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அதே தமிழ்நாட்டில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் தொண்டர்கள் கவச உடை அணிந்து, இறந்தவர் இந்துவானால் சிதையிலும் கிறிஸ்தவரானால் குழியிலும் அவரவர் முறைப்படி வைத்து அடக்கம் செய்தார்கள். அந்தத் தொண்டர்கள் எவரிடமும் பலகாரம் எதிர்பார்க்கவில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் வாரத்தை, ஐக்கிய நாடுகள் சபை 2010-இல் செய்த தீர்மானத்தின்படி, உலகம் சமய நல்லிணக்க வாரமாகக் கொண்டாடுகிறது. நம் ஊர்களில் அந்த வாரத்துக்கு மேடையும் பொன்னாடையும் வேண்டாம். ஜமாஅத்தின் முத்தவல்லியும், சபைக்குருவும், ஆலய அறங்காவலரும் ஒரே வண்டியில் ஏறிப் பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்குச் செல்லட்டும். கிணற்றடியில் நின்று ஒரு வாளி தண்ணீர் இறைத்துப் பார்க்கட்டும். இழப்பீடு வந்து சேர்ந்ததா என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்கட்டும். சேரியிலிருந்து சுடுகாடு வரை கால்நடையாக நடந்து, வழியில் வேலி இருக்கிறதா என்று கண்ணால் காணட்டும். கண்டதை அந்த வெள்ளிக்கிழமை பயானிலும், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும், ஆலயத்துச் சொற்பொழிவிலும் ஊரார் முன்னே பேர் சொல்லிப் பேசட்டும். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இதைக் கேளுங்கள். மறுத்தால், அடுத்த ஆண்டும் கேளுங்கள்.