வைகைக் கரைக்கு டைல்ஸ் வேண்டாம், பிள்ளைகளே

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிக்கவும்.

விளாங்குடி ஆற்றங்கரையில் பூங்கா அமைக்கப் பணம் திரட்டலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகப் பேச்சு. டைல்ஸ் நடைபாதை, அலங்கார விளக்கு, சிமெண்ட் மான், செல்ஃபி பாயிண்ட். "சார், முதல் கையெழுத்து உங்களோடதுதான்" என்கிறீர்கள். நான் போட மாட்டேன்.

மார்கழியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு என்னோடு கரையில் இறங்கி நடந்து பாருங்கள். எதிரே கோச்சடைப் பக்கம் பனிமூட்டமாக இருக்கும். தேங்கிய தண்ணீரில் நத்தைகுத்தி நாரை ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து இரை தேடும். இமயமலையைத் தாண்டி வந்த வாலாட்டி ஈரமணலில் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும். முள்மரத்து உச்சியில் கீச்சான், கம்பியில் தகைவிலான் வரிசை. நாரையைத் தவிர மற்றவை குளிர்காலத்துக்கு மட்டும் நம் ஊருக்கு வரும் விருந்தாளிகள். இவற்றுக்கு வேண்டியது சேறு, மணல், நாணல், இருட்டு. நீங்கள் போடப் போகிற பட்டியலில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லையே!

நகருக்குள் இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டாகிவிட்டது. அங்கே போய் ஆற்றைத் தேடிப் பாருங்கள்.

"அப்போ சாக்கடையை ரசிக்கச் சொல்றீங்களா சார்?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். (வகுப்பிலும் இவன் இப்படித்தான். நல்ல கேள்வி.) இல்லையப்பா. ஆகாயத்தாமரை மண்டுவதே கழிவுநீர் கலப்பதால்தான். அந்த வாய்க்கால்களை மறித்துச் சுத்திகரிக்கச் சொல்லி மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. சாக்கடைக்குப் பக்கத்தில் டைல்ஸ் போட்டால் அது டைல்ஸ் போட்ட சாக்கடை, அவ்வளவே.

சபர்மதியைக் காட்டுகிறீர்கள். அகமதாபாத்தில் கரைக்குக் கரை தளும்பி நிற்பது பெரும்பாலும் நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். வைகைக்கு யார் தருவார்கள்? சித்திரையில் அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஆற்றுக்கு அந்த மணல்தான் உயிர். மழைத்தண்ணீரை உள்ளே இறக்கி நம் வீட்டு போர்களுக்கு அனுப்புவதும் அதுதான்.

சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகளே, நீங்களாவது குழுவில் சொல்லுங்கள். பீஷான் பூங்காவில் களாங் ஆறு 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக்கி, 2012-ல் திறந்தார்கள். புல்லும் கல்லுமாகக் கரை. பிறகு நீர்நாய்கள்கூட அங்கே வந்தன. பணக்கார நாடு பெயர்த்தெடுத்த கான்கிரீட்டை நாம் காசு கொடுத்துக் கொட்ட வேண்டுமா?

பணம் சேர்ந்தால் மருதமும் புங்கையும் நாவலும் நடலாம். இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். பொங்கல் லீவில் ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வாருங்கள், நான் காட்டுகிறேன். பழைய செருப்பாகப் போட்டு வரவும், சேறு இருக்கும்.