ஆக்சிஜன் எத்தனை மணி நேரத்துக்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபென்ஜால் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து வந்த வெள்ளத்தால் விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து முடங்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பல ஊர்களில் மின்சாரமும் இல்லை. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்திருப்பது இந்த முண்டியம்பாக்கத்தில்தான்.

மருத்துவ ஆக்சிஜன் குறித்து நாம் கவலைப்பட்டது கரோனா இரண்டாம் அலையில். 2021 மே 4 இரவு, இதே நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 நோயாளிகள் உயிரிழந்தனர். ஆக்சிஜன் தடைபட்டதே காரணம் என்றனர் உறவினர்கள்; அதிகாரிகள் மறுத்தனர். அதன்பின் பிஎம் கேர்ஸ் நிதியில் மட்டும் நாடெங்கும் 1,200-க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் நிறுவப்பட்டன. ஆகவே, இன்றைய கேள்வி கருவிகள் உண்டா என்பதல்ல. நெருக்கடி நாளில் அவை இயங்குமா என்பதே.

திரவ ஆக்சிஜன் டேங்கர் லாரியில் வர வேண்டும். அதற்குச் சாலை வேண்டும். வளிமண்டலக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் உற்பத்தி நிலையத்துக்கோ தடையற்ற மின்சாரமும், அமுக்கியையும் வடிகட்டிகளையும் கவனிக்கத் தெரிந்த தொழில்நுட்பரும் வேண்டும். நிலையத்தைத் திறந்துவைப்பதில் காட்டிய வேகத்தை இந்தப் பணியிடங்களை நிரப்புவதிலும் காட்டியிருக்கலாம். இரண்டும் கைவிட்டால் எஞ்சுவது உருளை. பெரிய உருளை ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் பெறும் நோயாளிக்கு அது ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். உயர் ஓட்டக் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் பெறுபவருக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. புயல் நாளில், சாலையைச் சீரமைக்க அந்த அவகாசம் போதாது.

திண்டிவனத்தின் நிலை இன்னும் நுட்பமானது. சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள் கூடுமிடம் என்பதால் விபத்தில் சிக்கியோர் முதலில் வந்து சேர்வது அங்குள்ள அரசு மருத்துவமனைக்கே. மேல்சிகிச்சைக்கு அவர்கள் முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்ல வேண்டும். சாலை மூடினால் திண்டிவனமே இறுதிப் புகலிடம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடக்கும் ஆயத்தக் கூட்டங்களில் படகுகளும் மணல் மூட்டைகளும் கணக்கிடப்படுகின்றன. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு மருத்துவமனையும் வெளியுதவியின்றி எத்தனை மணி நேரம் ஆக்சிஜன் வழங்க முடியும் என்பதையும் சேர்க்க வேண்டும். கரோனா காலத்தில் காலிப் படுக்கைகளின் எண்ணிக்கையை இணையத்தில் வெளியிட்ட அரசுக்கு, இந்த எண்ணையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அன்றாடம் வெளியிடுவது கடினமன்று.