தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்கலாமா?

பல்கலைக்கழக இடம் கிடைத்த மகிழ்ச்சியை "சரவாக்" என்ற ஒரு சொல் பல வீடுகளில் தணித்துவிடுகிறது. எனக்குக் கோத்தா சமரஹானில் இடம் கிடைத்தபோது, "கடல் தாண்டியா போகணும்?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். அன்றிரவு அம்மாவும் நானும் உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே பகிர்கிறேன்.

செனாய் விமான நிலையத்திலிருந்து கூச்சிங்கிற்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 740 கிலோமீட்டர். ஜெட் விமானம் வானில் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அப்படியானால் ஒரு மணி நேரம் போதுமே! ஆனால், பயண அட்டவணை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்கிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை அட்டவணையில் சேரும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

அதுவும் முழுக் கணக்கன்று. வீட்டிலிருந்து விமான நிலையம், இரண்டு மணி நேரக் காத்திருப்பு, கூச்சிங்கில் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது, பிறகு வளாகம். எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம்.

என் தோழி பெர்லிஸில் படிக்கிறாள். ஜோகூர் பாருவிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். இரவு முழுவதும் பேருந்தில் பயணம். அவளிடம் யாரும் "அவ்வளவு தூரமா?" என்று கேட்கவில்லை.

ஆனாலும், அம்மாவின் கவலையில் நியாயம் இருந்தது. பேருந்து என்றால் நினைத்த இரவே ஏறிவிடலாம். விமானக் கட்டணமோ பண்டிகை நெருங்க நெருங்க ஏறும். முதலாண்டு தீபாவளிக்கு டிக்கெட் வாங்கத் தாமதித்தேன். விலையைப் பார்த்துவிட்டு விடுதியிலேயே இருந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரப் பயணம் அன்றுதான் மிக நீளமாகத் தெரிந்தது.

ஆகவே, சரவாக்கின் உண்மையான தூரம் கடலில் இல்லை; பணத்திலும் திட்டமிடலிலும் இருக்கிறது. அதைக் குறைக்க வழியுண்டு. கல்வி நாள்காட்டி வெளியானதும் டிக்கெட் வாங்குங்கள். அரசுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஃபிளைசிஸ்வா உதவிக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். சரவாக்கிற்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் இருப்பதால், தீபகற்ப மாணவர்களுக்கும் அங்கே மாணவர் அனுமதி தேவை; அதற்கான ஆவணங்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு, செலவு தாங்காது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், விரும்பிய படிப்பை வரைபடத்தில் தெரியும் நீலக் கடலைப் பார்த்து மட்டும் மறுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். பெற்றோரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.