கல் வாங்கப் போனவரும் காய்ச்சலும்



கேகாலைப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் "மலேரியாக் காலம்" என்றொரு பேச்சு உண்டு. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. மகா ஓயா வற்றி, மணலுக்கிடையே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கி நின்றது. அந்தக் குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. அந்த ஆண்டின் இறுதியிலும் 1935இலுமாக இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டு போனார்கள். மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கேகாலை மாவட்டமும் ஒன்று.

அந்நாளில் ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு இருக்கிறதென்று அறிய, வைத்தியர்கள் பிள்ளைகளின் இடப்பக்க விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்திப் பார்ப்பார்கள். மலேரியா கண்ட பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். பழுதான இரத்தக் கலங்களைப் பிடித்து வைக்கும் வடிகட்டிதான் மண்ணீரல். வேலை கூடக்கூட அதுவும் வீங்குகிறது.

கலம் எப்படிப் பழுதாகிறது? செங்குருதிக் கலத்தின் அகலம், ஒரு மில்லிமீற்றரை 1000 பங்காக்கினால் அதில் ஏறக்குறைய 8 பங்கு. அது நுழைந்து போகவேண்டிய மிக நுண்ணிய குழாய்களோ, சில இடங்களில் 3 பங்குதான். பாதி நீர் நிரப்பிய பலூனைப் போல் அது மடங்கி, நீண்டு, நுழைந்து, அப்பால் போய்ப் பழைய வடிவத்துக்கு வருகிறது. அந்த மிருதுத்தன்மை போனால் இரத்த ஓட்டமே தடைப்படும்.

இத்தனை சிறிய பொருளின் மிருதுவை அளப்பது எப்படி? வட்டலப்பம் இறுகிவிட்டதா என்று நீங்கள் விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்ப்பதில்லையா? அதே வேலையைச் செய்யும் கருவி 1986இல் வந்தது. பின்னிக், குவேட், கெர்பர் என்ற மூவர் உருவாக்கிய அதன் பெயர் அணுவிசை நுணுக்குக்காட்டி. மெல்லிய தகடொன்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஊசி இருக்கும். ஊசி கலத்தை அழுத்தும்போது தகடு சற்றே வளையும். தகட்டின் முதுகில் லேசர் ஒளியைப் பாய்ச்சி அந்த வளைவை அளக்கிறார்கள். வெயிலில் பிடித்த கண்ணாடியைச் சற்று அசைத்தால் சுவரில் விழும் ஒளி வெகுதூரம் ஓடுகிறதல்லவா? அதே தந்திரம்தான். கலத்தைக் கொல்லாமல், திரவத்தில் உயிரோடு வைத்தே தொட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

மலேரியா வகைகளுள் மிகக் கொடியது பல்சிபாரம். அக்கிருமி புகுந்த கலத்தை இக்கருவியால் தடவிப் பார்த்தபோது, மேற்பரப்பில் சிறு சிறு முடிச்சுகள் தென்பட்டன. இந்த முடிச்சுகளால்தான் கலங்கள் இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் 1977இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற சுப்ரா சுரேஷ் என்ற பொறியியலாளரும், சிங்கப்பூர் ஆய்வாளர்களும் வேறொரு வழியில், லேசர் ஒளியாலேயே கலத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். முற்றிய நிலையில் அது 10 மடங்கு வரை விறைத்துப் போவதை 2005இல் வெளியிட்டார்கள். கிருமி விடும் ஒரு புரதத்துக்கு இதில் பெரும்பங்கு இருப்பதும் 2007இல் தெரியவந்தது.

இந்தக் கிருமி கலத்துக்குள் வளர்ந்து, பெருகி, வெடித்து வெளிவர எடுப்பது ஏறக்குறைய 48 மணி நேரம். விறைத்து ஒட்டும் கலங்கள் மூளையின் நுண்குழாய்களை அடைத்தால் நோயாளி நினைவிழப்பார். "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடக் கூடாதது இதனால்தான்.

"நமது நாட்டில் இப்போது மலேரியா இல்லையே" என்பீர்கள். உண்மைதான். உள்நாட்டு மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல் கண்டறியப்பட்டார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் நோயைப் பரப்பும் நுளம்பு போய்விடவில்லை. மாணிக்கக்கல் வாங்க மடகஸ்காருக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் போய் வருவோர் மூலம் நோய் அவ்வப்போது வந்து இறங்குகிறது. இரத்தினபுரியில் எத்தனை வீடுகளின் அடுப்பு அந்தக் கல்லை நம்பி எரிகிறது!

ஆகவே சகோதரிகளே, கணவரோ மகனோ சகோதரரோ அப்படிப் புறப்பட்டால், மலேரியா தடுப்பு இயக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் தடுப்பு மாத்திரைகளை முன்கூட்டியே பெறச் சொல்லுங்கள். திரும்பிச் சில வாரங்கள் கழிந்து வந்தாலும் காய்ச்சல் காய்ச்சல்தான். பெனடோல் கொடுத்துப் படுக்கவிடாதீர்கள். நம் பக்கத்தில் காய்ச்சல் என்றதும் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றே எண்ணம் போகும். மலேரியாவைத் தேடிப் பார்க்கத் தனிச் சோதனை வேண்டும். போய்வந்த நாட்டின் பெயரைச் சொன்னால்தானே வைத்தியர் அதைக் கேட்பார்? நோயாளி சொல்ல மறந்தால், கூடப் போகும் நீங்கள் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "இவர் மடகஸ்காரிலிருந்து வந்தவர்."