இருமலும் மருந்துப் புட்டியும்

பெங்களூரின் குளிரில் இருமல் இயல்பே என்று எண்ணிப் பலர் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குச் செல்கின்றனர். இப்பழக்கம் தவறானது.

இந்நகரில் 1959-இல் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அதன் ஆய்வாளர்கள் அண்டை மாவட்டமான தும்கூரின் சிற்றூர்களில் காசநோயாளிகளைக் கண்டு வினவினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னரே மருத்துவ உதவியை நாடியிருந்தனர். ஆயினும், பலருக்குக் கிடைத்தது இருமல் மருந்து மட்டுமே.

இருமல் மருந்து இருமலைத் தணிக்கலாம். நுரையீரலில் உள்ள காசநோய்க் கிருமியை அழிக்காது. ஆகவே, விரைந்து செல்வது மட்டும் போதாது. முறையான பரிசோதனையும் தேவை. இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஊர்விட்டு வந்து உழைக்கும் பெற்றோர், ஒருநாள் கூலியை இழக்கவும் கன்னடத்தில் பேசவும் தயங்கலாம். கன்னடம் அறிந்த பிள்ளைகள் அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும். இருமலைக் கன்னடத்தில் ‘கெம்மு’ என்பர். அது எத்தனை நாளாக உள்ளது என்று மருத்துவரிடம் தெளிவாகக் கூறுவதும், சளிப் பரிசோதனை தேவையா என்று பணிவுடன் கேட்பதும் பெற்றோரைக் காக்கும் கடமையாகும்.