வலி மாத்திரை குறைய வீட்டார் கை வேண்டும்

மூட்டு மாற்று ஆபரேஷன் இப்போது சகஜமாகிவிட்டது. ஆனால் ஆபரேஷனை விட, வீடு திரும்பிய பின் வரும் வலிக்குத்தான் நம் பெண்கள் அதிகம் பயப்படுகிறார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார்கள். மூட்டு இறுகிப் போகும். சிலர் பழைய சீட்டைக் காட்டியே டிரமடால் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவார்கள்.

டிரமடால், அபினைப் போல வேலை செய்யும் மருந்து. 2018-ல் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. தலைசுற்றல், குமட்டல், மலச்சிக்கல் வரும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுமாறி விழுந்தால் என்ன ஆவது? நாள்பட்டால் விட முடியாத பழக்கமாகிவிடும். ஏற்கெனவே நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் திடீரென நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, சகோதரிகளே! பாராசிட்டமாலை வலி முற்றிய பிறகு தேடாமல், டாக்டர் சொன்ன அளவில் மணி தவறாமல் சாப்பிட்டாலே கடும் மாத்திரையின் தேவை குறையும். ஐஸைத் துணியில் சுற்றி கால்மணி நேரம் ஒத்தடம் கொடுக்கலாம். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைக்காமல், குதிகால் பக்கம் வைத்துக் காலை உயர்த்த வேண்டும். சொல்லிக் கொடுத்த பயிற்சியை விடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் டைக்ளோஃபினாக்கைத் தாங்களாக வாங்கவே கூடாது. கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதற்கெல்லாம் கூட ஆள் வேண்டுமே! அங்கேதான் சிக்கல். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்றால் மனைவி ராப்பகலாகக் கூடவே இருப்பாள். மனைவிக்கு என்றால், பத்தாம் நாளே 'மெதுவா நின்னு ஒரு ரசம் மட்டும் வச்சுடேன்' என்பார்கள். நின்றால் கால் வீங்கும், வீங்கினால் வலிக்கும், வலித்தால் மறுபடி மாத்திரைதான்.

கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபிக்காக அடிக்கடி கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவது லேசான காரியமா? 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: ஆறு வாரம் அடுப்படியைப் பார்த்துக்கொண்டு, வேளைக்கு ஐஸ் எடுத்துக் கொடுங்கள். எந்த மாத்திரையும் தராத சுகம் அது!

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.